பீரங்கிக்காரரின் வரைபடம்: ஜெனரல் இவான் பெலியாயெவ், ஓர் எளிய அறிமுகம்

பராகுவே நாட்டின் படத்தை எடுத்துப் பார்த்தால் நடுவில் ஓர் ஆறு வடக்கிலிருந்து தெற்காக இறங்கும். அதன் பெயரும் பராகுவேதான். ஆற்றுக்குக் கிழக்கே ஊர்கள், வயல்கள், தலைநகர் அசுன்சியோன். மேற்கே சாக்கோ. நாட்டின் பரப்பில் பாதிக்கும் மேல், சுமார் 60 சதவீதம், அந்தப் பக்கம்தான் கிடக்கிறது. ஆனால் மக்களில் மிகச் சிலரே அங்கே வாழ்கிறார்கள். முள்காடு, உப்பு மண், மழைக்காலத்தில் சேறு, கோடையில் புழுதி, எப்போதும் தண்ணீர்ப் பஞ்சம். நூறு ஆண்டுக்கு முன்பு பராகுவே ராணுவத்தின் கையில் இந்த நிலத்துக்கு நம்பத்தக்க வரைபடம் கிடையாது. அதை வரைந்து கொடுத்தவர்களில் முதன்மையானவர் பராகுவேக்காரர் அல்ல. நாடிழந்து வந்த ரஷ்யப் பீரங்கிப் படை ஜெனரல், இவான் திமோஃபேயெவிச் பெலியாயெவ். பராகுவேயில் அவரை ஹுவான் பெலாயெஃப் என்பார்கள்.

அவரைப் பற்றி இணையத்தில் கிடைப்பதில் பாதி, ‘ரஷ்யர்கள் ஜெர்மானியர்களைத் தென் அமெரிக்காவில் வீழ்த்திய கதை’ என்ற வகை. கேட்கச் சுவையாக இருக்கும், விஷயம் தப்பிப்போகும். பீரங்கி அதிகாரியின் தொழில் என்ன என்று தெரிந்துகொண்டால் அவர் வாழ்க்கை தானாகவே விளங்கும். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

பீரங்கிக்காரர் என்ன செய்கிறார்?

துப்பாக்கி வீரர் தன் இலக்கைக் கண்ணால் பார்த்துச் சுடுகிறார். இருபதாம் நூற்றாண்டின் பீரங்கிக்காரர் பெரும்பாலும் இலக்கைப் பார்ப்பதே இல்லை. பீரங்கி ஒரு மேட்டுக்குப் பின்னால் மறைந்து நிற்கும். மேட்டின் மேல், அல்லது அதற்கும் தள்ளி, நோக்கர் ஒருவர் தொலைநோக்கியுடன் படுத்திருப்பார். இலக்கு அவருக்குத் தெரியும், பீரங்கிக்குத் தெரியாது. இரண்டையும் இணைப்பது கணக்கு. பீரங்கி எங்கே நிற்கிறது, நோக்கர் எங்கே இருக்கிறார், இலக்கு எங்கே இருக்கிறது ஆகிய மூன்று புள்ளிகளும் ஒரே வரைபடத்தில் சரியாக உட்கார்ந்தால்தான் குண்டு போய்ச்சேரும்.

இதற்குப் பாகைக் கணக்கு தோதாக இராது. ரஷ்யப் படையில் வட்டத்தை 6000 பிரிவாகப் பிரித்தார்கள். இதில் ஒரு வசதி: ஒரு பிரிவு என்பது ஏறத்தாழ தூரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1000 மீட்டரில் ஒரு மீட்டர், 5000 மீட்டரில் ஐந்து மீட்டர். இதையே திருப்பிப் போட்டால் தூரம் கிடைக்கும். ஆறு மீட்டர் உயரத் தந்திக் கம்பம் ஒன்று தொலைநோக்கியில் மூன்று பிரிவு உயரம் தெரிந்தால், 6 × 1000 ÷ 3, அதாவது 2000 மீட்டர். குதிரை மேல் இருந்தபடியே வாயால் போடக்கூடிய கணக்கு.

அடுத்தது தூரத்தைப் பிடிப்பது. முதல் குண்டு 3000 மீட்டருக்கு. இலக்குக்கு அப்பால் விழுந்தது. இரண்டாவது 2600, முன்னாலேயே விழுந்துவிட்டது. இப்போது இலக்கு இரண்டுக்கும் நடுவில் சிக்கிவிட்டது. இந்த நிலையை ரஷ்யர்கள் ‘முள்கரண்டி’ என்பார்கள். பாதியாக்கி 2800. அப்பால். 2700. முன்னால். 2750. ஐந்து குண்டில் வேலை முடிந்தது. புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, பயந்து பயந்து ஐம்பது ஐம்பது மீட்டராக நகர்த்துவது. பத்துக் குண்டு வீணாகும், எதிரியும் உஷாராகி இடம் மாறிவிடுவான். தைரியமாகப் பெரிய முள்கரண்டியைப் போட்டு, பாதி பாதியாகக் குறுக்குவதே முறை.

நல்ல பீரங்கி அதிகாரி என்றால் பாதி நில அளவையாளர் என்று அர்த்தம். தெரியாத ஊரில் இறக்கிவிட்டாலும் முதல் நாளே திசைகாட்டியை எடுத்துத் தூரம், கோணம், உயரம் என்று குறித்துக்கொள்ள ஆரம்பித்துவிடுவார். பெலியாயெவ் இந்தப் பள்ளியில் வளர்ந்தவர்.

பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து காக்கேசஸ் வரை

பிறந்தது 1875, பீட்டர்ஸ்பர்க். பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஏப்ரல் 19, நம் நாட்காட்டிப்படி மே 1. அக்காலத்து ரஷ்யர்களின் தேதிகள் நூலுக்கு நூல் மாறுவதற்கு இதுவே காரணம்: 19ஆம் நூற்றாண்டுத் தேதிக்கு 12 நாளும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துத் தேதிக்கு 13 நாளும் கூட்ட வேண்டும். அப்பா பீரங்கி அதிகாரி. வீடே ராணுவ வீடு. பையன் ராணுவப் பள்ளி முடித்து, மிகயீலோவ்ஸ்கி பீரங்கிப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், 1893இல் காவற்படைப் பீரங்கிப் பிரிவில் சேர்ந்தார்.

தம்பி நிக்கொலாயும் பீரங்கி அதிகாரிதான், ஆனால் உலோகவியலில் பெயர் வாங்கினார். டமாஸ்கஸ் வாள்களின் உருக்கு ஏன் அலையலையாகக் கோலம் காட்டுகிறது என்று நுண்ணோக்கி வைத்து ஆராய்ந்தவர். அந்த வாள்களுக்கு மூலப்பொருள் தென்னிந்தியாவிலிருந்து போன மூசை உருக்கு. கொடுமணல் அகழாய்வு பற்றிப் படித்தவர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு தம்பியின் பக்கம் போகலாம். நாம் அண்ணனோடு போவோம்.

அண்ணனுக்குச் சிறுவயது முதலே ஒரு பித்து: அமெரிக்கப் பழங்குடி மக்கள். பழைய வீட்டுப் பரணில் அசுன்சியோன் நகரின் படம் ஒன்று கிடைத்ததாகவும், அதிலிருந்தே பராகுவே மனத்தில் ஒட்டிக்கொண்டதாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். முதிய வயதின் நினைவு எதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்ட மற்ற அகதி ஜெனரல்களைப் போல அவர் பாரிஸிலோ பெல்கிரேடிலோ உட்காரவில்லை என்பது உண்மை.

ராணுவத் துறையில் அவர் முத்திரை பதித்தது மலைப் பீரங்கியில். மலைப் படைக்கான பீரங்கி விதிநூலை 1913இல் தொகுத்து வெளியிட்டார். இது ஏன் தனி விதிநூல் வேண்டிய விஷயம் என்று பார்க்க, ரஷ்யப் படை அப்போது வைத்திருந்த 1909 மாதிரி 76 மில்லிமீட்டர் மலைப் பீரங்கியையே எடுத்துக்கொள்வோம்.

அதன் எடை சுடும் நிலையில் 600 கிலோவுக்கு மேல். சக்கரத்தில் இழுக்கப் பாதை இருந்தால் இழுக்கலாம். பாதை இல்லாத இடத்தில் கழற்றி ஏழு சுமையாகப் பிரித்து ஏழு விலங்குகளின் முதுகில் ஏற்றுவார்கள். குழல், அது சறுக்கும் தொட்டில், பின்னுதைப்பைத் தாங்கும் அமைப்பு, தாங்குசட்டத்தின் துண்டுகள், சக்கரம், கேடயம் என்று ஒவ்வொன்றும் தனி. நூறு கிலோ அளவுக்குள் ஒரு சுமை அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் செங்குத்தில் விலங்கு முழங்கால் மடித்துவிடும். சுமை ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இரண்டே நாளில் சேணம் உரசி முதுகு புண்ணாகும். புண்ணான விலங்கு ஒன்று நின்றால் நிற்பது அந்த விலங்கு மட்டும் இல்லை, பீரங்கியே நிற்கிறது. ஏழில் ஆறு துண்டு வந்து என்ன பயன்? அதனால் மலைப் படையில் சேணம் கட்டுகிறவரின் மதிப்பு குறிபார்ப்பவருக்குக் குறைந்ததல்ல. ஏற்றும் வரிசையும் முக்கியம். பூட்டும்போது முதலில் வேண்டிய தாங்குசட்டம் வரிசையின் வாலில் வந்தால், குறுகிய பாதையில் விலங்குகள் ஒன்றையொன்று தாண்ட முடியாது. எல்லாரும் காத்து நிற்க வேண்டியதுதான்.

பூட்டி முடித்தபின் அடுத்த சிக்கல்கள். பீரங்கியின் வாலில் மண்வெட்டி போல ஒரு தகடு உண்டு. சுட்டதும் அது மண்ணைக் கவ்விப் பீரங்கியை நிறுத்தும். பாறையில் கவ்வாது. பீரங்கி துள்ளிப் பின்னால் போகும், ஒவ்வொரு முறையும் மறுபடி குறி வைக்க வேண்டும். இலக்கு நம்மைவிட 300 மீட்டர் மேலே இருந்தால் சமதளத்துக்கான தூர அட்டவணை பொய் சொல்லும். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். குண்டு கணக்கைத் தாண்டி ஓடும். அதே மலையில் விடியற்காலைக் குளிரில் வெடிமருந்து சோம்பிப்போய்க் குண்டு முன்னாலேயே விழும். காலையில் சரியாக விழுந்த இலக்கில் மதியம் தப்பும். எதிரே உள்ள மேட்டின் மறுசரிவில் குண்டே எட்டாத மறைவிடங்கள் இருக்கும். அவை எங்கெங்கே என்று முன்கூட்டி வரைபடத்தில் நிழல் போட்டு வைக்காத அதிகாரிக்கு, எதிரி எங்கிருந்து வந்தான் என்பது அவன் வந்த பிறகே தெரியும்.

முதல் உலகப் போரில் பெலியாயெவ் இந்த அறிவோடுதான் போனார். 1915இல் தன் பீரங்கிகளைக் காக்கும் சண்டையில் படுகாயம். வீரத்துக்கான புனித ஜார்ஜ் விருது. பிறகு கனரகப் பீரங்கிப் பிரிவுக்குத் தலைமை, 1917இல் காக்கேசஸ் முனையில் ஒரு பீரங்கிப் படையணி.

தோற்ற படையின் ஜெனரல்

1917 புரட்சிக்குப் பின் நடந்த உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக்குகளின் செம்படையை எதிர்த்தவர்களைப் பொதுவாக ‘வெள்ளையர்’ என்பார்கள். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அரசியல் பெயர். பெலியாயெவ் தெற்கே திரண்ட வெள்ளைப் படையில் பீரங்கிப் பொறுப்பில் இருந்தார். 1919இல் கார்கிவ் கைப்பற்றப்பட்டதும் அங்கே ஆயுதத் தளவாடத்தைக் கவனித்தார். தன் தரப்புப் படையினரே ஊரைச் சூறையாடியதைக் கண்டித்துப் பேசி, மேலிடத்தில் விரோதம் சம்பாதித்துக்கொண்டவர் என்றும் சொல்ல வேண்டும்.

1920 மார்ச்சில் கருங்கடல் துறைமுகமான நோவொரசீஸ்கிலிருந்து வெள்ளைப் படை கப்பலேறியது. மேஜர் ஜெனரல் பெலியாயெவ், மனைவியோடு துருக்கி, பல்கேரியா என்று அலைந்தார். அந்தக் காலத்தில் நாடிழந்த ரஷ்யர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். சோவியத் அரசு அவர்களின் குடியுரிமையைப் பறித்துவிட்டதால் கையில் எந்த நாட்டுத் தாளும் கிடையாது. 1922இல் சர்வதேச சங்கத்தின் பெயரில் நார்வேக்காரர் நான்சென் கொண்டுவந்த அகதிப் பயண ஆவணம் இவர்களுக்காகத்தான். ஆனால் தாள் இருந்தால் எல்லை தாண்டலாம், சோறு கிடைக்காது. ஜெனரல்கள் பாரிஸில் வாடகைக் கார் ஓட்டினார்கள் என்பது வெறும் கதை இல்லை.

பெலியாயெவ் 1923இல் அர்ஜென்டினா போனார். 1924 மார்ச்சில் அசுன்சியோன். பராகுவே ராணுவப் பள்ளியில் அரண் அமைப்பும் பிரெஞ்சு மொழியும் கற்பிக்கும் வேலை.

ஏன் பராகுவே அவரை வரவேற்றது? 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றையும் எதிர்த்து நடத்திய போரில் அந்த நாட்டு ஆண்களில் பெரும்பகுதி மாண்டுபோனார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் ஆள் பஞ்சம், படித்த ஆளுக்கு இன்னும் பஞ்சம். பொறியாளர், அளவையாளர், மருத்துவர், அதிகாரி யார் வந்தாலும் இடம் உண்டு. பெலியாயெவ் பெல்கிரேடு ரஷ்யப் பத்திரிகை வழியாகத் தன் நாட்டவரை அழைத்தார். ‘ரஷ்ய அடுப்பங்கரை’ ஒன்றைப் பராகுவேயில் மூட்டலாம் என்பது திட்டம். எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. வந்தவர்கள் ஊன்றினார்கள். 1928இல் அசுன்சியோனில் கட்டிய ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இன்றும் இருக்கிறது.

சாக்கோவை அளந்த கதை

1924 கடைசியிலேயே பாதுகாப்பு அமைச்சகம் அவரிடம் ஒரு வேலையைக் கொடுத்தது: ஆற்றுக்கு மேற்கே போய்ப் பாருங்கள், அளந்து வாருங்கள். பொலிவியாவும் சாக்கோவைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தது. 1880களில் சிலியிடம் கடற்கரையை இழந்திருந்த பொலிவியாவுக்குப் பராகுவே ஆறு வழியாகக் கடலுக்கு வாசல் வேண்டும். நிலத்துக்கு அடியில் எண்ணெய் இருக்கும் என்ற நம்பிக்கை வேறு. இரண்டு பக்கமும் காட்டுக்குள் சின்னச் சின்னக் கோட்டைகளை நட்டுக்கொண்டே போயின. ‘கோட்டை’ என்ற சொல்லைப் பார்த்துச் செஞ்சியை நினைக்கக் கூடாது. மண் அகழி, பனை மரக் குடிசை, பத்து இருபது ஆட்கள், கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். முக்கியமானது கடைசியாகச் சொன்னது.

1924க்கும் போர் தொடங்குவதற்கும் இடையே பெலியாயெவ் பதின்மூன்று பயணங்கள் போனார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர் எதிர்கொண்ட சிக்கல் மலையில் பார்த்ததற்கு நேர் எதிர். காக்கேசஸில் எங்கே திரும்பினாலும் ஒரு சிகரம் தெரியும்; மூன்று சிகரத்தைக் குறிவைத்தால் நாம் நிற்கும் இடம் கிடைத்துவிடும். சாக்கோ பலகை போலத் தட்டை. முள்மரத்துக்கு மேல் தலை தெரியாது. ‘கோடரி முறிப்பான்’ என்ற பொருளில் கெப்ராச்சோ என்று பெயர் வாங்கிய மரம், வயிறு வீங்கிய புட்டி மரம், கத்தி போன்ற இலையுடைய காரகுவாத்தா என்னும் கற்றாழை போன்ற செடி. நூறு மீட்டர் பார்வை கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இப்படிப்பட்ட இடத்தில் வழி அளவை ஒன்றே கதி. புறப்பட்ட புள்ளியிலிருந்து திசைகாட்டியில் கோணம் எடுத்து, கோவேறு கழுதையின் நடைவேகத்தையும் கடிகாரத்தையும் வைத்துத் தூரம் கணக்கிட்டு, திரும்பும் இடமெல்லாம் குறிப்பேட்டில் கோடு இழுத்துக்கொண்டே போவது. இரவில் விண்மீன் உயரம் பார்த்து அகலாங்கு சரிபார்ப்பது. பிழை எப்படி ஏறும் என்று பாருங்கள்: திசையில் ஒரே ஒரு பாகை தப்பினால் 100 கிலோமீட்டர் போனதும் ஒன்றே முக்கால் கிலோமீட்டர் விலகியிருப்போம். திறந்த வெளியில் அது ஒன்றும் பெரிதல்ல. சாக்கோவில் நீங்கள் தேடிப் போகும் தண்ணீர்க் குட்டை முந்நூறு மீட்டர் அகலம்தான் இருக்கும். ஒன்றே முக்கால் கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதைப் பார்க்காமலே கடந்துவிடுவீர்கள். அந்த வெக்கையில் ஒரு கோவேறு கழுதைக்கு நாளொன்றுக்கு முப்பது நாற்பது லிட்டர் தண்ணீர் வேண்டும். பத்து விலங்கு, மூன்று நாள் என்றால் ஆயிரம் லிட்டர். அதைச் சுமக்க இன்னும் பத்து விலங்கு, அவற்றுக்கும் தண்ணீர்! எனவே கையில் சுமந்து போய் முடியாது. வழியில் தண்ணீர் இருக்கும் இடம் தெரிந்தே ஆக வேண்டும்.

தெரிந்தவர்கள் பழங்குடி மக்கள் மட்டுமே. எந்த மாதத்தில் எந்தக் குட்டை வற்றும், காரகுவாத்தா இலைக் கவட்டில் தேங்கிய நீரை எப்படி வடித்துக் குடிப்பது, இவியா என்ற கொடிபோன்ற செடியின் கிழங்கை எங்கே தோண்டிச் சுரண்டிப் பிழிவது என்பதெல்லாம் அவர்கள் அறிவு. பெலியாயெவின் வரைபடங்கள் மற்றவர்களுடையதைவிட நம்பகமாக இருந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. அவர் சமகோகோ, மக்கா என்ற சாக்கோப் பழங்குடியினரிடம் உட்கார்ந்து மொழி கற்றார். குட்டையின் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதினார். துப்பாக்கியைக் காட்டி வழி கேட்பவனுக்குக் கிடைக்கும் பதிலும், பேச்சு மொழியில் கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல என்பது எந்த ஊர் நில அளவையாளருக்கும் தெரிந்ததே.

இதன் உச்சம் பித்தியாந்துத்தா ஏரி. உள்காட்டில் பெரிய ஏரி ஒன்று இருப்பதாகச் சமகோகோக்கள் சொல்லிவந்தார்கள். 1930 கடைசியில் புறப்பட்ட குழு, சமகோகோ வழிகாட்டிகளோடு 1931 மார்ச்சில் அதை எட்டியது. சுமார் ஐந்து கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம். வறண்ட வட சாக்கோவின் நடுவே இவ்வளவு தண்ணீர் என்றால், அதை வைத்திருப்பவர் கையில் சுற்றுவட்டாரமே இருக்கிறது. பராகுவே அங்கே கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் என்ற சிறு கோட்டையை வைத்தது. அடுத்த ஆண்டு பொலிவியர்கள் விமானத்திலிருந்து ஏரியைக் கண்டு அதற்குச் சுக்கிசாக்கா என்று தாங்களே ஒரு பெயரும் வைத்து, மேஜர் மொஸ்கோசோ தலைமையில் படை அனுப்பி, 1932 ஜூன் 15 அன்று கோட்டையைப் பிடித்தார்கள். உள்ளே இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய வீரர்கள்தான். ஜூலையில் பராகுவே அதை மீட்டது. சாக்கோ போர் அப்படித்தான் மூண்டது.

போரில் அவர் பங்கு: எது உண்மை, எது ஊதியது

போர் 1935 ஜூன் வரை நீடித்தது. இரு தரப்பிலும் சேர்ந்து இறந்தவர்கள் ஏறத்தாழ ஒரு லட்சம். தாகமும் நோயும் அதில் பெரும் பங்கு எடுத்துக்கொண்டன.

பெலியாயெவ் சாக்கோ படைத் தலைவர் எஸ்திகாரிபியாவின் தலைமையகத்தில் பீரங்கி ஆய்வாளராக இருந்தார். ‘ஆய்வாளர்’ என்றால் பீரங்கியை இயக்குபவர் அல்ல. எத்தனை பீரங்கி சுடும் நிலையில் இருக்கிறது, குழல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எந்தப் படைப்பிரிவுக்கு எத்தனை குண்டு, நோக்கர்களின் பயிற்சி எப்படி என்று பார்த்து, குறை சொல்லி, திருத்துகிற வேலை. பராகுவே அவருக்குக் கௌரவ ஜெனரல் பதவி கொடுத்தது. முழுப் படைக்கும் அவரே தலைவர் என்று எழுதுவோர் இருக்கிறார்கள். போரை நடத்தியவர் எஸ்திகாரிபியா. அதில் குழப்பம் வேண்டாம்.

பீரங்கிகளும் அங்கே எளிதாகப் பலிக்கவில்லை. பராகுவேயிடம் பிரெஞ்சு ஷ்னைடர் நிறுவனத்தின் 75 மில்லிமீட்டர் மலைப் பீரங்கிகளும் 105 மில்லிமீட்டர் பீரங்கிகளும் இருந்தன. நல்ல கருவிகள். ஆனால் முள்காட்டில் பொலிவியர் பதுங்குகுழி எங்கே இருக்கிறது என்று நோக்கருக்குத் தெரியவில்லை. முள்கரண்டி போட, குண்டு விழுந்த இடம் தெரிய வேண்டுமே? மரத்துக்குப் பின்னால் புகை தெரியும், முன்னாலா பின்னாலா என்று தெரியாது. குண்டு கிளையில் பட்டுப் பாதி வழியில் வெடிக்கும். இதற்குக் கண்ட வழிகள்: மங்ருல்யோ எனப்படும் உயரமான மரப் பரண் கட்டி நோக்கரை ஏற்றுவது, நோக்கரைத் தொலைபேசிக் கம்பியோடு முன்வரிசைக் காலாட்படைக்கே அனுப்புவது, பிறகு மோர்ட்டார். 81 மில்லிமீட்டர் ஸ்டோக்ஸ் பிராண்ட் மோர்ட்டார் சுமார் 60 கிலோ. குழல், இருகால், அடித்தட்டு என்று மூன்று துண்டாக மூன்று பேர் தூக்கிப் போகலாம். குண்டு ஏறத்தாழ செங்குத்தாக இறங்குவதால் மரங்களுக்கு இடையே, குழிக்குள்ளேயே விழும். சாக்கோவில் அதிகம் அஞ்சப்பட்ட ஆயுதங்களில் இதுவும் ஒன்று.

1932 செப்டம்பர் 9 முதல் 29 வரை நடந்த பொக்கெரோன் முற்றுகையில் பல ஆயிரம் பராகுவே வீரர்கள், சில நூறு பொலிவியர் காத்த இடத்தைச் சுற்றி வளைத்தார்கள். முதல் நாளிலேயே முடிந்துவிடும் என்று நினைத்தது மூன்று வாரம் இழுத்தது. முற்றுகையிட்டவர்களுக்கே தண்ணீர் லாரியில்தான் வந்தது. லாரி தாமதித்தால் வரிசையில் நின்றவர்கள் மயங்கி விழுந்தார்கள். ஆற்றங்கரைத் துறையான புவெர்த்தோ கசாதோவிலிருந்து தோல் பதனிடும் மரச்சாறுக்காகப் போட்ட குறுகிய ரயில் பாதை மேற்கே 145 கிலோமீட்டர் போகும். அதன் முனையிலிருந்து லாரி. பராகுவேக்கு இருந்த பெரிய அனுகூலம் இந்தப் பாதை. பொலிவிய லாரிகள் மலையிலிருந்து நாள் கணக்கில் இறங்கி வர வேண்டும். பெலியாயெவோடு பித்தியாந்துத்தா போன காப்டன் ஓரெஃபியெவ் செரெப்ரியாகோவ் பொக்கெரோனில் தன் வீரர்களை முன்னடத்தியபோது இறந்தார்.

அடுத்து நானாவா. இந்தக் கோட்டையின் அரண்களை வலுப்படுத்தியதில் பெலியாயெவுக்கும், இன்னொரு ரஷ்ய ஜெனரலான நிக்கொலாய் எர்னுக்கும் பங்கு உண்டு. 1933 ஜனவரியிலும் ஜூலை 4 அன்றும் பொலிவியப் படை அதை மோதிப் பார்த்தது. இரண்டாம் முறை டாங்கிகள், தீப்பீச்சிகள், விமானம், அகழிக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்த வெடி, எல்லாம் வந்தன. முள்கம்பி, ஒன்றையொன்று காக்கும் இயந்திரத் துப்பாக்கிக் கூடுகள், முன்னால் வெட்டிச் சாய்த்த மரங்கள். முதல் உலகப் போர் கற்பித்த பாடம் அது. பொலிவியா பெரும் இழப்போடு பின்வாங்கியது. அந்தப் படைக்குத் தலைவர் ஹான்ஸ் குண்ட் என்ற ஜெர்மானியர், முதல் உலகப் போரில் ரஷ்யர்களை எதிர்த்துக் கிழக்கு முனையில் இருந்தவர். ‘ரஷ்யர் எதிர் ஜெர்மானியர்’ என்ற கதை இங்கிருந்துதான் முளைத்தது. குண்ட் அந்த ஆண்டு டிசம்பரிலேயே பதவி நீக்கப்பட்டார். போர் அதற்குப் பிறகும் ஒன்றரை ஆண்டு நடந்தது. பராகுவே தரப்பில் ரஷ்ய அதிகாரிகள் பல பத்துப் பேர் பணியாற்றினார்கள், சிலர் உயிரையும் கொடுத்தார்கள். ஆனால் முள்காட்டில் நடந்து, தாகம் பொறுத்து, குவாரனி மொழியில் ஒருவரையொருவர் கூப்பிட்டுச் சண்டை போட்டது பராகுவே விவசாயிகள். வெற்றி அவர்களுடையது. நம் பார்வையில் பெலியாயெவின் பங்கு துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே பெரும்பாலும் முடிந்துவிட்டது: தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தாளில் எழுதி வைத்ததில்.

போருக்குப் பின்

மற்றவர்கள் பதக்கங்களோடு நகரத்தில் தங்க, அவர் தனக்குக் காட்டில் வழிகாட்டிய பழங்குடி மக்களின் பக்கம் திரும்பினார். போர் அவர்களை இரண்டு படைகளுக்கும் நடுவில் அரைத்திருந்தது. அம்மை போன்ற நோய்கள் கிராமங்களைக் காலி செய்திருந்தன. பழங்குடியினருக்கு நிலம், பள்ளி, தங்கள் மொழியிலேயே கல்வி என்று மனு மேல் மனு எழுதினார். 1938இல் மக்கா மக்களையே மேடையேற்றி அசுன்சியோன் அரங்கில் ஒரு நாடகம் நடத்தினார்; நகரத்தவர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1940களில் தலைநகரை ஒட்டி, தாவரவியல் பூங்காவுக்கு எதிரே ஆற்றங்கரையில் மக்காக்களுக்கென ஒரு குடியிருப்பு அமைந்தது. 16ஆம் நூற்றாண்டில் பழங்குடியினருக்காக வாதாடிய பாதிரியார் பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

இதில் ஒரு சங்கடத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. சாக்கோவில் வேட்டையாடி வாழ்ந்தவர்களை நகர விளிம்புக்குக் கொண்டுவந்ததில் பாதுகாப்பு கிடைத்தது, காடு போயிற்று. சுற்றுலாப் பயணிகளுக்கு நூல்பை, வில் அம்பு விற்பது பிழைப்பாயிற்று. மறுபக்கம், மக்கா மொழியை வீட்டில் குழந்தைகள் இன்றும் பேசுகிறார்கள். சாக்கோவின் பல மொழிகளுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

மொழியறிஞராக அவரை எப்படி எடைபோடுவது? அகராதிகள் தொகுத்தார், சொற்பட்டியல்கள் சேர்த்தார், சாக்கோ மக்களை மொழிவாரியாகப் பிரித்து எழுதினார். ஸ்மித்சோனியன் நிறுவனம் 1946இல் வெளியிட்ட தென் அமெரிக்கப் பழங்குடிகள் கையேட்டின் முதல் தொகுதியில் சாக்கோ மக்கள் பற்றிய அவர் கட்டுரை இருக்கிறது. அந்தத் தரவுகள் மதிப்புள்ளவை. ஆனால் இந்த மொழிகளில் சமஸ்கிருத வேர்களைத் தேடினாரே, அதை இன்றைய மொழியியல் ஏற்கவில்லை. மக்கா, மத்தாக்கோ குடும்பத்தைச் சேர்ந்தது. சமகோகோ, சமூக்கோ குடும்பம். ஓசை ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டும் ஆர்வம் நமக்கும் புதிதல்ல.

அவரைப் பற்றி மேலும் தேடப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஜாரின் கடைசிப் போர் அமைச்சர் மிகயீல் பெலியாயெவ் வேறு ஆள். போல்ஷெவிக்குகள் 1918இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இருவரையும் கலந்து எழுதிய பக்கங்கள் உண்டு. ஸ்பானிய மூலங்களில் ‘ஹுவான் பெலாயெஃப்’ என்றும், ரஷ்ய மூலங்களில் தந்தை பெயரோடு ‘இவான் திமோஃபேயெவிச்’ என்றும் தேடினால் வழி தவறாது.

1957 ஜனவரியில் அசுன்சியோனில் இறந்தார். பராகுவே அரசு ராணுவ மரியாதை செய்தது. பீரங்கி வண்டியும் இசைக்குழுவும் போன அதே ஊர்வலத்தில் மக்காக்களும் வந்தார்கள். ஆண்டவர் செபத்தை, அவர் தங்கள் மொழிக்குக் கொண்டுவந்திருந்த சொற்களிலேயே பாடினார்கள். ஆற்றின் நடுவே உள்ள தீவில், அவர்களின் இடுகாட்டில் உடல் புதைக்கப்பட்டது.